கராஜில் கட்டிய வெள்ளை

ஒக்டோபர் 12, சனி

மழை. விடியத் தொடங்கினது, விடவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் நின்றவரின் குடை முழுவதும் என் மடியில்தான் வடிந்தது. கோப்பிக்கடையில் இன்று மனேஜர் லீவு. ஆகவே வேலை ஒழுங்காக நடந்தது.

வீட்டுக்குள் வந்து சப்பாத்தைக் கூடக் கழற்றவில்லை, சுஜி பிடித்துக்கொண்டாள். ஹலோவீனுக்கு எங்கள் கராஜில் பேய்வீடு கட்ட வேண்டுமாம். பதினொரு வயதுப் பெட்டை கேட்கிற கேள்வியா?

"கண்டறியாத பேய்வீடு. போய்ப் படி."

"அம்மா, போன வருசம் என்ன செய்தனாங்கள்? லைற் எல்லாத்தையும் நூத்துப்போட்டு சோபாவுக்குப் பின்னாலை ஒளிச்சிருந்தனாங்கள். ஸ்கூலிலை எல்லாருக்கும் தெரியும். ஐ வாஸ் சோ எம்பரஸ்ட்."

உண்மைதான். முகமூடிப் பிள்ளைகள் கதவைத் தட்டத் தட்ட மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். இருட்டில் யாரும் தட்டினால் விளக்கை அணைத்துவிட்டுச் சத்தம் காட்டாமல் இருப்பதுதானே எங்களுக்கு ஊர்ச் சண்டைக் காலத்துப் பழக்கம். சொக்லேற் கேட்டுத் தட்டுகிறார்கள் என்று யார் கண்டது.

தகப்பன் வழமைபோல் மகளின் கட்சி. "செய்யட்டுமனப்பா. நான் காரை வெளியிலை விடுறன்." ஆர் கட்டுறது என்று கேட்டேன். அதற்குப் பதில் பேஸ்மன்ற் படியிலிருந்து வந்தது.

"நான் கட்டித் தாறன் சுஜி."

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். மலர். என் தம்பி குகனின் மனைவி. இரண்டு வருடமாக எங்கள் பேஸ்மன்றில். வேலை, சமையல், படுக்கை. கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. தானாக ஒன்றைச் செய்கிறேன் என்று அவள் சொன்னது இதுதான் முதல் தரம். அதன் பிறகு நான் எப்படி மாட்டேன் என்பது?

பிரிட்ஜ் கதவில் சுஜியின் லிஸ்ற்: கறுப்புக் குப்பைப் பைகள். தோல் உரித்த றம்புட்டான் ரின் (கண்கள்). இடியப்பம் (புழு). ஒரு பிணம்.

ஒக்டோபர் 14, திங்கள்

தாங்ஸ்கிவிங் லீவு. வெயில், ஆனால் சூடு இல்லாத வெயில்.

கராஜ் துப்புரவு. இவர் 'ஒருநாள் உதவும்' என்று சேர்த்து வைத்த தளபாடங்களில் பாதியை றோட்டோரம் வைத்தேன். திரும்பிப் பார்க்கிறேன், ஒரு கதிரை திரும்பவும் கராஜுக்குள். சண்டை. கதிரை வென்றது.

மலர் நிலத்தைக் கழுவினாள். ஒரு தரம் அல்ல, மூன்று தரம். எண்ணெய்க் கறை போகும்வரை குந்தியிருந்து தேய்த்தாள். பேய்வீட்டுக்கு ஏன் இந்தத் துப்புரவு என்று கேட்டேன். "சனம் வாற இடமெல்லோ மச்சாள்" என்றாள். இரண்டு வருடமாக இல்லாத உசார். பார்க்கச் சந்தோஷம். நெஞ்சில் வேறு என்னவோவும்.

ஆவணியில் கோயிலில் நடந்தது மறுபடி நினைவு வந்து குந்திக்கொண்டது. எனக்குத் தெரியாமல் ஐயரிடம் கேட்டிருக்கிறாள், ஆளும் இல்லை, சேதியும் இல்லை என்றால் என்ன செய்வது என்று. தர்ப்பைப் புல்லால் ஓர் உருவம் செய்து, அதற்குக் கிரியை செய்து எரிக்கலாம், கூடப்பிறந்தவர்கள் சம்மதிக்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்க, நான் போய்ச் சேர்ந்தேன். கூடப்பிறந்தவர்கள் என்றால் நான் ஒருத்திதான். பிள்ளையாருக்கு முன்னால் வாய்க்கு வந்தபடி கத்தினேன். "என்ரை தம்பி சாகேல்லை! பிடிபட்டு எங்கையோ மறியலிலை இருக்கிறான்! நீ முதல் அவன்ரை தாலியோடை ஒழுங்கா இரு!" மலர் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அதன் பிறகு அந்தக் கதை இல்லை.

கத்தினதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஏஜென்சிக்குக் காசு கட்டிக் கள்ளப் பாதையால் வெளிக்கிட்டவன், மொஸ்கோவிலிருந்து கடைசியாக எனக்குத்தான் டெலிபோன் எடுத்தான். "அக்கா, நாளைக்கு வெளிக்கிடுறம். காட்டுக்குள்ளாலை நடையாம். நீ பயப்பிடாதை." பிறகு ஏஜென்சிக்காரன் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கதை சொல்லி, நம்பரையும் மாற்றிக்கொண்டு போய்விட்டான். அதே குழுவில் வந்த பெடியன் ஒருத்தன் பார்க்டேலில் இருக்கிறான். பனிக்குள் சிலர் குந்திவிட்டார்கள், எழும்பவில்லை, கூட்டிப்போனவன் திரும்பிப் பார்க்க விடவில்லை என்றான். குகனைப் பார்த்தாயா என்றேன். இருட்டு அக்கா, தெரியாது என்றான். தெரியாது என்றால் தெரியாதுதானே.

ஒக்டோபர் 19, சனி

மேகம். காற்றுக்கு இலை எல்லாம் எங்கள் வாசலில்தான்.

தீபாவளிக்கு உடுப்பு எடுக்கப் போனோம். கடையில் சனம் நெரிபட்டது. சுஜி ஜீன்ஸ்தான் வேண்டும் என்று நின்றாள். இவருக்கு வெள்ளைச் சேட்டு. தம்பிக்கு நீலத்தில் சின்னக் கட்டம் போட்டது, முழுக்கை. அவனுக்கு நீலம் எடுப்பு. இது மூன்றாவது தீபாவளிச் சேட்டு. வந்திறங்கும்போது மாற்றிப் போட உடுப்பு இல்லாமல் நிற்கக்கூடாது.

மலரிடம் கொடுத்தேன். மற்ற இரண்டோடும் வைக்கச் சொன்னேன். "வடிவாயிருக்கு மச்சாள்." ஒவ்வொரு வருடமும் அதே சொல், அதே குரல்.

பின்னேரம் மலரையும் சுஜியையும் காணவில்லை. பார்த்தால் கிறீக் ஓடைப் பக்கமிருந்து இரண்டு பேரும் வருகிறார்கள், கை நிறையக் காய்ந்த நீட்டுப் புல். முழங்கால் வரை சேறு. பிணத்துக்குள் அடைக்கவாம்.

"உங்கை வாசலிலை இலை குவிஞ்சு கிடக்கு. அதை அடைச்சால் என்ன?"

"இலை நொறுங்கிப் போம் மச்சாள். புல் எண்டால்தான் உருவம் நிக்கும்."

உள்ளே வந்து ரசம் வைத்தேன். புளி கூடிவிட்டது.

ஒக்டோபர் 22, செவ்வாய்

புகார் மூட்டம். எதிர்வீடு தெரியவில்லை.

பிணம் வளர்கிறது. புல்லைப் பிடி பிடியாகக் கட்டி, வெள்ளைத் துணி சுற்றித் தைக்கிறாள். தோள், முழங்கை, முழங்கால் எல்லாம் மடங்குகிறது. கைக்கு விரல்கள் வேறு, தனித்தனியாக. பேய்வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் விரல் பார்க்கவா வருகிறார்கள்?

இடது கையில் சின்ன விரல் கொஞ்சம் வெளியே வளைந்திருந்தது. தம்பிக்கும் அப்படி. வொலிபோல் விளையாடப் போய் முறித்துக்கொண்டு வந்து அம்மாவிடம் அடியும் வாங்கினவன். புல் அப்படி மடிந்திருக்கும். புல்தானே.

சுஜி அடுப்படிக்குள் வந்தாள். "அம்மா, மாமா உங்களுக்குப் பக்கத்திலை நிண்டால் எவ்வளவு உயரம்? மாமி கேட்டவ." நான் உருளைக்கிழங்கு வெட்டிக்கொண்டு, யோசிக்காமல், என் தலைக்கு மேல் கையை வைத்துக் காட்டினேன். அவள் நாடாவால் அளந்துகொண்டு ஓடிவிட்டாள். கை அப்படியே மேலே நின்றது. இறக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

ஒக்டோபர் 25, வெள்ளி

தம்பிக்காக வெள்ளி விரதம். ஒரு நேரச் சாப்பாடு. கடையில் டோனற் மணத்துக்குள் விரதம் பிடிக்கிறவளுக்குச் சொர்க்கத்தில் தனிக் கட்டில் தர வேண்டும்.

வேலையால் வந்து விளக்கேற்றிவிட்டு நிற்க, கராஜில் கதை கேட்டது. இவர் வேலையில். சுஜி மேலே. மலரின் குரல்தான், ஆனால் இந்த வீட்டில் நான் கேட்காத குரல். மெதுவாக, செல்லமாக.

"இன்னும் கொஞ்சம்தான். முடிஞ்சுது. குளிருதே?"

பிறகு கொஞ்சம் நேரம் பேச்சில்லை, மற்றப் பக்கத்தின் பதிலைக் கேட்பதுபோல. பிறகு "ஓம்" என்றாள்.

கதவைத் திறந்தேன். அவள் தனியேதான். மடியில் அந்தக் கை. கையில் ஊசி.

"ஆரோடை கதைக்கிறாய்?"

"ஊசியோடை மச்சாள். நூல் போகுதில்லை."

கராஜில் எண்ணெய் மணம் அறவே இல்லை. பனி கொட்ட முதல் வெளியே ஒரு மணம் வருமே, அது. இன்னும் பனிக்காலம் வரவில்லை. நான் கதவைச் சாத்திவிட்டுத் தேவாரம் பாடப் போனேன். இரண்டாவது அடி மறந்துவிட்டது. அப்படி மறக்கிறவள் இல்லை நான்.

ஒக்டோபர் 27, ஞாயிறு

மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளும் நாள். ஒரு மணித்தியாலம் கூடப் படுக்கலாம் என்று எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. திரும்பி வரும்போது தேத்தண்ணி நேரத்துக்கே இருள் இறங்கிவிட்டது.

எங்கள் வரிசைக்குத் திரும்பும்போதே தெரிந்தது. கராஜ் கதவு மேலே. உள்ளே லைற். கூரை முழுவதும் வெள்ளை.

வெள்ளை கட்டியிருக்கிறாள்.

ஊரில் செத்தவீடு என்றால் பிரேதம் வைக்கும் இடத்துக்கு மேலே கூரை மறையும்படி வெள்ளைத் துணி கட்டுவார்கள். அதற்கென்று ஆள் வரும். மடிப்பு விழுகிற விதம், ஓரம் இழுத்துச் செருகுகிற விதம் எல்லாவற்றுக்கும் முறை உண்டு. கனடா வந்த பிறகு நான் கண்டதில்லை. இங்கே எல்லாம் பியூனரல் ஹோம், கம்பளமும் பூச்சாடியும். ஆறு வருடத்துக்குப் பிறகு வெள்ளையைப் பார்க்கிறேன், அதுவும் என் வீட்டு பெட்ஷீற்றில், என் கராஜில்.

வாசலில் நின்ற எனக்குக் கை தன்பாட்டில் சப்பாத்தைக் கழற்றப் போனது. பாதி கழற்றிய பிறகுதான் உணர்ந்தேன். அட கோதாரி என்று திரும்பப் போட்டேன்.

உள்ளே கதவுப் பக்கம் சுஜியின் வேலை: கறுப்புப் பை நடைபாதை, பஞ்சுச் சிலந்தி வலை. அதன் பின்னால் ஒரு திரை. திரைக்குப் பின்னால் மலரின் வேலை. இரண்டு பலகையில் அந்த உருவம், கழுத்து வரை வெள்ளை மூடி. கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறாள். தலைமாட்டில் குத்துவிளக்கு, ஒற்றைத் திரி.

"உது என்ன மலர்?"

"பேய்வீடுதானே மச்சாள்."

"பேய்வீடெண்டால் எலும்புக்கூடு கட்டு. பூசணிக்காய் வெட்டு. உதை ஏன் கட்டினனி?"

மலர் என் முகத்தைப் பார்த்தாள். நேராக என்னைப் பார்க்கிறவள் இல்லை. "இஞ்சத்தை ஆக்கள் அவையின்ரை பயத்தைக் கட்டீனம். நாங்கள் எங்கடையைத்தானே கட்ட வேணும்?"

சுஜிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அம்மா, மாமி தலையை அந்தப் பக்கம் வைக்கிறதுக்கு எல்லாத்தையும் திருப்பினவ. ஏன் அந்தப் பக்கம்?"

அந்தப் பக்கம் தெற்கு. பிரேதத்தைத் தெற்கே தலை வைத்துத்தான் கிடத்துவது. பிள்ளையை முகம் கழுவப் போகச் சொன்னேன்.

இரவு முழுவதும் இவரோடு குசுகுசுச் சண்டை. கழற்றச் சொல்லுங்கோ என்றேன். பிள்ளை ஸ்கூல் முழுக்கச் சொல்லிவிட்டாள் என்றார். அது காரணம் இல்லை என்று அவருக்கும் தெரியும். அவள் எனக்குத் தெரியாமல் என் தம்பிக்குச் செத்தவீடு நடத்துகிறாள். என்னைக் கேட்காமல். என் சம்மதம் இல்லாமல்.

ஒக்டோபர் 30, புதன்

காலையில் உறைபனி, கார்க் கண்ணாடியில். பால் முடிந்தது. சுஜிக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது.

எழுதக் கை கூசுகிறது. எழுதுகிறேன்.

வேலையால் வந்து கராஜுக்குள் எட்டிப் பார்த்தேன். உருவத்துக்கு உடுப்புப் போட்டிருக்கிறாள். நீலம், சின்னக் கட்டம், முழுக்கை. நான் எடுத்த சேட்டு.

என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. மூதேவி என்றேனாம். என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு என் தம்பியைச் சாகடிக்கிறாய் என்றேனாம். மலர் சுவரோடு நின்றாள். கழற்றுகிறேன் பார் என்று போய் முதல் பொத்தானைக் கழற்றினேன். இரண்டாவதையும். மூன்றாவதில் கை நெஞ்சில் பட்டது.

புல்தான். காய்ந்த புல். ஆனால் ஈரம். ஈரமும் இல்லை, குளிர். ஐஸ்பெட்டிக்குள் கை வைத்த மாதிரி எலும்புவரைக்கும் குளிர்.

கையை எடுத்தேன். கழற்றிய இரண்டு பொத்தானையும் நானே திரும்பப் பூட்டினேன். ஏன் என்று என்னைக் கேட்காதே.

இவர் கதவடியில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. "இஞ்சரப்பா, விடு. நாளைக்கு ஒருநாள்தானே. பிறகு கழட்டுவம்." பிறகு சொன்னார்: "அந்தப் பிள்ளை எங்கையாவது இருந்து அழ வேணும். எத்தினை வருசம் அடக்கிறது?"

"அவன் வந்தால்?"

"வந்தால் நானே எல்லாரிட்டையும் மன்னிப்புக் கேக்கிறன். வரட்டும்."

அவர் குரல் உடைந்தது. இந்த மனுசனும் அழாமல்தான் இருந்திருக்கிறார் என்று இன்றைக்குத்தான் தெரியும்.

இதற்குள் கராஜ் கதவு திறந்தே கிடந்தது. எங்கள் வரிசையில் கடைசி, தொங்கல் வீட்டுப் பராசக்தி அன்ரி மரக்கறிப் பையோடு றோட்டில் நின்று, வெள்ளையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தா. நான் கண்டதும் பையை நிலத்தில் வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டா. எனக்கல்ல, உள்ளுக்கு. நான் ஓடிப்போய்க் கதவை இழுத்துச் சாத்தினேன். சாத்தி என்ன பயன். அவவின் டெலிபோனுக்கு முன்னால் ரேடியோ எல்லாம் தூசு.

ஒக்டோபர் 31, வியாழன்

தூறல். காற்று. வேலையில் அரை நாள் லீவு எடுத்தேன். இடியப்பம் அவித்துக் குளிர்ந்த தண்ணிக்குள் போட்டேன். தொட்டுப் பார்த்தேன், எனக்கே அருவருத்தது. சுஜி சொன்னது சரிதான்.

இருளத் தொடங்கவே பிள்ளைகள். இவர் வாசலில், தலையில் பெட்ஷீற், பெட்ஷீற்றுக்கு மேலே கண்ணாடி. பேய்க்கு வெள்ளெழுத்து. சுஜி கறுப்புப் பைகளுக்குள் நின்று தகரத்தைச் சுரண்டிக் கூக்குரல். புழுவிலும் கண்ணிலும் கை வைத்துப் பிள்ளைகள் வீரிட்டுச் சிரித்தார்கள். பிறகு திரை. திரைக்குப் பின்னால் விளக்கும் அந்த உருவமும், தலைமாட்டில் வெள்ளைச் சீலையும் விரித்த தலையுமாய் மலரும். அவள் ஒன்றும் செய்யவில்லை. பயப்படுத்தவும் இல்லை. சும்மா இருந்தாள். அந்த இடத்தில் பிள்ளைகளின் சிரிப்பு நிற்கும். பக்கக் கதவால் ஓடாமல் நடந்துதான் வெளியே வந்தார்கள். அங்கே நான் சொக்லேற்றோடு நின்றேன்.

அரை மணித்தியாலம் போயிருக்கும். மாஸ்க் போட்ட பிள்ளைகளின் வரிசையில் ஒரு மனுசன், வேட்டியும் ஜாக்கெற்றும். பின்னால் இரண்டு பெண்கள், மங்கல் நிறச் சீலை. என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எத்தினை மணிக்கு எடுக்கிறியள் பிள்ளை?"

"ஒருத்தரும் சாகேல்லை அண்ணை! இது ஹலோவீன்! பிள்ளையளின்ரை விளையாட்டு!"

அவர் என்னைப் பார்த்தார். கராஜுக்குள்ளே பார்த்தார். "அப்ப வெள்ளை கட்டியிருக்கு..." என்றார். அவர்கள் போகவில்லை. றோட்டோரம் தள்ளி நின்றார்கள். பிறகு இன்னும் இரண்டு பேர். பிறகு ஒரு வான் நிறையச் சனம் வந்து இறங்கியது. ரெக்ஸ்டேலில் இருந்து கூட ஒரு குடும்பம். எல்லோரும் தூறலுக்குள், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல். அவர்களுக்கு நடுவே எலும்புக்கூடும் சூனியக்காரியும் குட்டித் தேனீயும். எனக்குச் சிரிப்பும் வந்தது.

அந்தத் தேனீ, மூன்றாம் வீட்டு வெள்ளைக்காரப் பிள்ளை. ஐந்து வயது இருக்கும். பக்கக் கதவால் வந்து சொக்லேற்றை எடுத்துக்கொண்டு, உள்ளே இருக்கிற மாமா நல்லவர் என்றாள்.

பலகையில் கிடப்பவரா என்று கேட்டேன்.

இல்லையாம். பின்னால் நின்றவராம். திரை தனக்குப் பாரமாக இருந்ததாம், அவர் பிடித்துக்கொண்டாராம். தலைமயிர் எல்லாம் ஐஸாம். காலில் சப்பாத்து இல்லையாம். தான் தாங்க்யூ சொன்னாளாம், அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். சரியாகக் களைத்துப்போய் இருந்தாராம். "ஹி லுக்ட் சோ ரயர்ட்," என்றுவிட்டுத் தாயிடம் ஓடினாள்.

உள்ளே போனேன். மலர் இருந்தபடியே. வேறு யாரும் இல்லை. திரையின் ஒரு ஓரம், ஒரு ஆள் கை பிடிக்கிற உயரத்தில், நனைந்திருந்தது. பிழிந்தால் சொட்டும் அளவுக்கு. என் தலைக்கு மேலே, ஒரு சாண் மேலே.

வாசலுக்குப் போய் இவரிடம் சொன்னேன். அவரிடம் மட்டும். "ஆரும் பெரிய பெடியள் களவாய் உள்ளிட்டிருப்பாங்கள்," என்றார். பெட்ஷீற்றுக்குள்ளிருந்து வந்த குரலில் நிச்சயம் இல்லை.

சப்பாத்து இல்லாமல் எவ்வளவு தூரம் நடந்தாயடா?

அப்போதுதான் பராசக்தி அன்ரி வந்தா. ஒருவரையும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, தேனீ, சூனியக்காரி எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டு, இடியப்பத்தையும் றம்புட்டானையும் தாண்டி உள்ளே போனா. நானும் பின்னாலே. கால்மாட்டில் நின்று கும்பிட்டுவிட்டு மலரைக் கேட்டா:

"ஆர் மோனை?"

மலர் நிமிர்ந்தாள். அன்ரியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். இவ்வளவும் கட்டினவள், அந்த ஒரு சொல்லை எனக்கு விட்டு வைத்திருந்தாள். நான் 'இல்லை' என்று சொன்னால் இப்போதே எழும்பிப் போய்க் கை கழுவிச் சமைப்பாள். அதுவும் எனக்குத் தெரிந்தது.

"என்ரை தம்பி அன்ரி," என்றேன். "குகன். பனிக்குள்ளை..."

அதற்கு மேல் வரவில்லை. அன்ரி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று தொடங்கினா. வெளியே நின்ற பெண்கள் எல்லாம் அந்தச் சத்தத்துக்கே காத்திருந்ததுபோல் உள்ளே வந்தார்கள். மலர் எழும்பி வந்து என்மேல் விழுந்தாள். இரண்டு வருடத்து அழுகை. மனிசர் இப்படியும் சத்தம் போடுவார்களா? என் வாயிலிருந்து வந்ததும் அதே சத்தம்தான். என் ராசா, என் ராசா என்று. அவன் பிறந்த அன்றைக்கு அம்மா என் மடியில் வைத்தாளே, அதிலிருந்து தொடங்கி எல்லாம் சொல்லி அழுதேன்.

வரிசையில் நின்ற பிள்ளைகள் கை தட்டினார்கள். விசிலும் அடித்தார்களாம். இந்த றோட்டிலேயே இதுதான் திறம் பேய்வீடு என்று தேனீயின் தாய் இவரைப் பாராட்டி, உள்ளே அழுகிறவர்கள் எந்த நாடகக் குழு என்று கேட்டாளாம். "பமிலி," என்றாராம் இவர். வேறு என்ன சொல்வது.

சுஜி கறுப்புப் பைக்குள்ளிருந்து மெதுவாக வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். சூனியக்காரித் தொப்பியைக் கழற்றி ஒரு ஓரத்தில் வைத்துவிட்டு மாமிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை.

நவம்பர் 1, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. குரல் இல்லை. சனம் வந்தபடி. யாரோ இடியப்பமும் சொதியும் கொண்டு வந்தார்கள், சாப்பிட முடியவில்லை, நேற்றைய நினைவு.

மீதிச் சொக்லேற்றைத் துக்கம் விசாரிக்க வந்தவர்களின் பிள்ளைகள் முடித்துவிட்டார்கள். அரியண்டங்கள். இருக்கட்டும்.

ஸ்கூலில் எங்கள் வீடுதான் முதலாம் இடமாம். சுஜி வந்து சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

திரையைக் கழற்றிக் காயப்போட்டேன். வீட்டுக்குள், ஹீற்றருக்கு மேலே. பின்னேரமாகியும் அந்த ஓரம் காயவில்லை.

நவம்பர் 2, சனி

முதல் பனி. நிலத்தில் நிற்காத பனி.

காலையில் ஐயருக்கு நானே டெலிபோன் எடுத்தேன். சம்மதம் என்றேன். ஆவணியில் கத்தினதுக்கு அவரும் ஒன்றும் கேட்கவில்லை. உருவம் செய்திருக்கிறோம், தர்ப்பை இல்லை, கிறீக்கரைப் புல் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, தான் தர்ப்பை கொண்டு வந்து முறையாகச் சேர்த்துக்கொள்ளலாம், அதுவரை ஒருவரும் தொட வேண்டாம் என்றார். பிறகு திதி கேட்டார். எந்த நாள் என்று வைத்துச் செய்வது? நாள் தெரியாவிட்டால் அமாவாசையை எடுக்கலாமாம். அல்லது கடைசியாகக் குரல் கேட்ட நாள்.

கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தேன்.

மலர் அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றாள். கண் வீங்கி, முகம் வெளித்து, ஒரு கனம் இறங்கின ஆளாக. தேனீப் பிள்ளை சொன்னதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை. திதியை மட்டும் கேட்டேன். அவன் மொஸ்கோவிலிருந்து எடுத்த நாளை வைப்போமா என்றேன்.

"வேண்டாம் மச்சாள்." தேத்தண்ணியை ஆற்றி என் கையில் தந்தாள். "முந்தநாள் வியாழக்கிழமை எண்டே சொல்லுங்கோ. அண்டைக்குத்தானே அவர் வந்து சேர்ந்தவர்."